பாடக் கூடாத பெட்டி

வானொலியின் முன்னமர்ந்து பேச்சையோ பாட்டையோ கேட்போர், அக்குரல் எங்கே பிறக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. நிலையத்திற் புறப்பட்ட அலை எத்தனையோ மின்னுறுப்புக்களைக் கடந்து வருகின்றது. ஆயினும், முடிவிலே வீட்டுக் காற்றை அசைத்துக் குரலாக்குவது ஒரு சாண் அகலங்கூட இல்லாத காகிதக் கூம்பு ஒன்றேயாகும். நாதசுரத்தின் முழக்கமும், தம்பூராவின் மெல்லிய சுருதியும், செய்தி வாசிப்பவரின் நிதானமான தொனியும் அந்த ஒரே கூம்பின் ஆட்டத்திலிருந்துதான் வரவேண்டும்.

அக்கூம்பையும் அதனோடிணைந்த காந்தத்தையும் கடையில் வாங்கி, அதற்கேற்ற பெட்டியைத் தாமே அளந்து, அறுத்து, ஒட்டி, வீட்டிலேயே ஒலிபெருக்கி செய்துகொள்வோர் பல நாடுகளிலும் உளர். இவர்கள் எல்லோரும் பொறியியலாளர் அல்லர். ஆசிரியரும், எழுதுவினைஞரும், கடைக்காரரும், ஓய்வுபெற்ற முதியோரும் இவர்களிடையே உண்டு. பணம் மிச்சமாகும் என்பதற்காகச் செய்கிறார்களா எனில், முன்னொரு காலத்தில் அது பொருந்தும். இன்று தொழிற்சாலைகள் ஒலிபெருக்கிகளை ஆயிரக்கணக்கிற் செய்து மலிவாக விற்கின்றன. பலகை, பசை, செப்புக்கம்பி, வண்ணப்பூச்சு என்று எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தால், செய்தவர் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் மரத்தூள்தான். காதாற் கேட்பதன் காரணத்தைக் கையால் அறிய வேண்டும் என்னும் ஆவலே இவர்களைத் தூண்டுகின்றது.

இன்று வழங்கும் ஒலிபெருக்கியின் அமைப்பை 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர் விளக்கி வெளியிட்டனர். அதே ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கொழும்பிலே முறையான வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அவர்கள் கண்ட அமைப்பு மிக எளிது. வலிய காந்தம் ஒன்றின் இடுக்கிலே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று தொங்குகின்றது. மின்னோட்டம் அச்சுருளிற் பாயும்போது அது முன்னும் பின்னும் தள்ளப்படுகின்றது. சுருளோடு ஒட்டிய கூம்பும் அவ்வாறே ஆடுகின்றது. நூறாண்டு கழிந்த பின்னும் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் இம்முறையிலேயே இயங்குகின்றன.

ஆனால், இக்கூம்பை வெறுமையாக மேசைமீது வைத்து ஒலிக்கச் செய்தால் நிகழ்வது என்ன? பாட்டு மெலிந்து, தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி ஓசை அறவே மறைந்துவிடும். கூம்பு பழுதென்று எண்ணிவிடக் கூடாது. அகன்ற பலகை ஒன்றிலே வட்டமாகத் துளையிட்டு, அத்துளையிற் கூம்பைப் பொருத்தியதும், மறைந்த மிருதங்கம் மீண்டு வரும். பள்ளிக்கூட மாணவரும் செய்து பார்க்கத்தக்க இச்சோதனை, இக்கலையின் முழு இரகசியத்தையும் தன்னுள் அடக்கியிருக்கின்றது.

கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருங்குகின்றது. அதே கணத்திற் பின்புறக் காற்று தளர்கின்றது. முன்னே பிறந்த ஒலியும் பின்னே பிறந்த ஒலியும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. செக்கனுக்கு 50 முறை அதிரும் தாழ்ந்த சுரத்தின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீற்றர். அத்துணை நீண்ட அலைக்குச் சிறு கூம்பின் விளிம்பு ஒரு தடையே அன்று. பின்னொலி வளைந்து முன்னே வந்து முன்னொலியை அழித்துவிடுகின்றது. செக்கனுக்கு 10,000 முறை அதிரும் உயர்ந்த ஒலிக்கோ அலைநீளம் 3½ சென்ரிமீற்றர் மாத்திரமே. ஆதலால் அது பெரும்பாலும் அழியாது தப்புகின்றது. பலகை செய்யும் வேலை, முன்னொலியையும் பின்னொலியையும் பிரித்து நிற்பதே. சுவரளவு பலகையை எவரும் வீட்டில் வைத்திருக்க முடியாது. ஆகவே பலகையை மடித்து மூடினர், அதுவே பெட்டியாயிற்று.

பெட்டி என்றதும் பலர் அதனை ஓர் அணிகலனாகக் கருதுவர். உள்ளே இருப்பதே கருவி, வெளியே உள்ளது உறை என்பது அவர்கள் எண்ணம். தாழ்ந்த சுரங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெருந்தவறு. ஒரே கூம்பை இருவேறு பெட்டிகளில் வைத்துக் கேட்டவர்கள், இரண்டும் வெவ்வேறு கூம்புகளெனச் சாதிப்பதுண்டு.

இவ்வுண்மையைச் சாதாரண மக்களுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர் இங்கிலாந்திலே யோர்க்ஷயர் மாகாணத்தைச் சேர்ந்த கில்பேட் பிறிக்ஸ் என்பவர். 1890இற் பிறந்த இவர் துணி வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். பியானோ இசையிற் பேரார்வம் கொண்டவர். நாற்பது வயதைத் தாண்டிய பின்னர், 1932ஆம் ஆண்டில், இல்க்லி என்னும் ஊரிலுள்ள தம் வீட்டின் நிலவறையிலே முதல் ஒலிபெருக்கியைச் செய்தார். பிறட்போட் வானொலிச் சங்கம் நடத்திய போட்டியில் முதற் பரிசும் இரண்டாம் பரிசும் அவருக்கே கிடைத்தன. பொழுதுபோக்கு தொழிலாயிற்று. தம் ஊரின் வழியே ஓடும் வார்ப் ஆற்றின் பள்ளத்தாக்குப் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். வார்ப்டேல் என்னும் அப்பெயர் இன்றும் வழக்கிலுள்ளது.

பிறிக்ஸ் பொருள் ஈட்டியதைவிட அவர் எழுதியதே இங்கு முக்கியம். 1948இல் ஒலிபெருக்கிகள் பற்றி அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புக்களைக் கண்டது. கணிதத்தைக் கூடியவரை ஒதுக்கி, நகைச்சுவை கலந்து, அயல்வீட்டாரோடு பேசுவது போல அவர் எழுதினார். தம் பண்டத்தை வாங்குக என்று சொல்லும் வணிகர் பலர். வாங்கிய பின் பெட்டியை இப்படி இப்படிச் செய்துகொள்க என்று நூலெழுதிக் கற்பித்த வணிகர் சிலரே. சன்னமான இரு ஒட்டுப்பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பிச் சுவர் அமைத்தல், அறையின் மூலையிலே செங்கல்லாற் கட்டி அதன் முகப்பில் ஒலிபெருக்கியைப் பதித்தல் முதலிய வழிகளை அவர் பரப்பினார்.

மணலும் செங்கல்லும் எதற்கு? இவ்விடத்தில் நம்மவர் நன்கறிந்த வீணையை எண்ணிப் பார்த்தால் விடை எளிதாகும். வீணையின் குடத்தைப் பலாமரத்திற் குடைகின்றனர். தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கித் தானும் அதிர்ந்து நாதமாக்குவது குடத்தின் கடமை. அம்மரத்தின் இயல்பு எதுவோ அதுவே அவ்வீணையின் குரலாகின்றது. இதனைக் கண்ட ஒருவர், நல்ல பலாப்பலகையில் ஒலிபெருக்கிப் பெட்டி செய்தால் இசை சிறக்கும் என்று எண்ணக்கூடும். விளைவு நேர்மாறானது. ஒலிபெருக்கி தனக்கெனக் குரல் கொண்ட கருவியன்று. பிறர் குரலை உள்ளபடி சேர்ப்பிக்கும் தூதுவன். பெட்டியின் பலகை தானும் சேர்ந்து பாடுமாயின், வயலினிலும் அப்பலகையின் ஓசை ஒட்டும், பெண்குரலிலும் ஒட்டும். வீணையின் மரம் பாட வேண்டும். ஒலிபெருக்கியின் மரம் வாய்மூடி இருக்க வேண்டும்.

ஆகையால் இப்பொழுதுபோக்கில் தேர்ந்தவர்கள் அழகிய முழுமரத்தை விரும்புவதில்லை. மழைக்கும் வெயிலுக்கும் விரிந்து சுருங்கி மூட்டுக்கள் விடுதல் முழுமரத்தின் இன்னொரு குறை. ஏறக்குறைய 18 மில்லிமீற்றர் கனமுள்ள ஒட்டுப்பலகையோ, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எப். பலகையோ அவர்களுக்குப் போதும். எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் பொருத்துவர். செய்து முடித்ததும் விரல்மூட்டினால் தட்டிப் பார்ப்பர். மேளம் போல ஒலித்தால் இன்னொரு சட்டம் வேண்டும். கருங்கல்லைத் தட்டியது போல மந்தமாக ஒலித்தால் நன்று. பி.பி.சி. நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறொரு வழியை நாடினர். சன்னமான ஒட்டுப்பலகையை எடுத்து, உட்புறத்தில் தார் கலந்த கனத்த தகட்டை ஒட்டி, அதிர்வை விரைந்து அடங்கச் செய்தனர். 1970களில் அவர்கள் சிறு ஒலிபரப்பு வண்டிகளுக்காக வகுத்த ஓரடி உயர ஒலிபெருக்கி இவ்வாறு அமைந்ததே. அதற்கு வேண்டிய கூம்புகளைச் செய்தளித்த நிறுவனத்தை 1961இல் தோற்றுவித்தவர், முன்னர் பிறிக்ஸிடம் பணிபுரிந்த றேமண்ட் குக் என்பது குறிப்பிடத்தக்கது.

பலகை அடங்கினாலும் உள்ளிருக்கும் காற்று அடங்குவதில்லை. நம் இளைஞர் சிலர் மண்பானையின் வாயிலே ஒலிபெருக்கியைப் பொருத்தி மகிழ்வதுண்டு. சுட்ட மண்ணின் வளைந்த சுவர் மிக விறைப்பானது. அந்த அளவில் அது சிறந்த தேர்வே. ஆனால் உருண்டை வடிவத்தின் உள்ளே எல்லாத் திசைகளிலும் தூரம் ஒன்றாகவே இருப்பதால், உள்ளொலி ஒரே சுரத்திற் குவிந்து ‘கும்’ என்று முழங்கும். முதல் நாள் அது இனிக்கும்; மூன்றாம் நாள் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலக் கேட்கும். சதுரக் கனப் பெட்டிக்கும் இக்குறை உண்டு. நீள அகல உயரம் மூன்றும் 30 சென்ரிமீற்றராயின், மூன்று திசையிலும் செக்கனுக்கு ஏறக்குறைய 570 அதிர்வுள்ள ஒலியே எழுந்து நிற்கும். 40, 30, 25 என்று அளவை மாற்றினால் அவ்வெழுச்சிகள் 430, 570, 690 எனச் சிதறி வலியிழக்கும். மேலும் உள்ளே பஞ்சு திணித்து அவற்றைத் தணிக்கலாம். 1965இல் பிறட்போட்டைச் சேர்ந்த பெய்லி என்னும் ஆய்வாளர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதிய கட்டுரையில், நீண்ட இழையுள்ள ஆட்டுமயிரை இதற்குப் பயன்படுத்தினார். கம்பளி நெசவுக்குப் பேர்பெற்ற நகரிலே அது எளிதிற் கிடைத்திருக்கும். நம் நாட்டில் இலவம்பஞ்சு உதவும். எலி புகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, பெட்டியை முற்றாக மூடுவதா, ஒரு துவாரம் விடுவதா என்பது பழைய வழக்கு. வெற்றுப் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு குறித்த சுரம் பிறக்கின்றதல்லவா? போத்தலின் கழுத்திலுள்ள காற்று பாரமாகவும், வயிற்றிலுள்ள காற்று வில்லாகவும் இயங்குவதாலேயே அது நிகழ்கின்றது. பெட்டியிலே குழாய் பொருத்தினால் அதுவும் ஒரு போத்தலே. மேற்சொன்ன 40, 30, 25 அளவுள்ள பெட்டியின் கொள்ளளவு 30 லீற்றர். அதில் 7 சென்ரிமீற்றர் குறுக்களவும் 12 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள குழாயை வைத்தால், அது செக்கனுக்கு ஏறக்குறைய 47 அதிர்வுள்ள சுரத்திற்குச் சுருதி கூடும். கூம்பு தளரும் இடத்திலே குழாய் கைகொடுக்கும். இம்முறையைப் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த துராஸ் என்பவர் 1930களின் தொடக்கத்திலேயே உரிமைப்பதிவு செய்திருந்தார். மாறாக, 1954இல் அமெரிக்காவில் ஆசிரியராயிருந்த எட்கர் வில்ச்சர், பெட்டியை இறுக மூடி உள்ளிருக்கும் காற்றையே கூம்புக்கு வில்லாக்கினார். சிறு பெட்டியில் ஆழ்ந்த ஓசை பெறுவதற்கு அது வழி திறந்தது.

எந்தக் கூம்புக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்பது நெடுங்காலம் குத்துமதிப்பாகவே இருந்தது. அறுத்துப் பார், கேட்டுப் பார், மீண்டும் அறு என்பதே விதி. 1961இல் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் இக்குழப்பத்தைத் தீர்த்தார். கூம்பு தானாகவே அதிர விரும்பும் மீடிறன் எது, அதன் தொங்கலின் நெகிழ்ச்சி எத்தனை லீற்றர் காற்றின் நெகிழ்ச்சிக்குச் சமம், அதன் ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்னும் மூன்று எண்கள் தெரிந்தாற் போதும். பெட்டியை அட்டவணை பார்த்தே வகுத்துவிடலாம் என்று காட்டினார். அவர் கட்டுரை அவுஸ்திரேலிய இதழொன்றில் வெளிவந்தமையால் உலகின் கண்ணிற் படவில்லை. பத்தாண்டு கழித்து, 1971இல், அமெரிக்க இதழொன்று அதனை மீண்டும் பதிப்பித்த பின்னரே அதன் அருமை புலப்பட்டது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த றிச்சாட் ஸ்மோல் அதனை மேலும் விரித்தார். இன்று நல்ல கூம்புகளோடு அம்மூன்று எண்களும் அச்சிட்டுத் தரப்படுகின்றன. கணக்கைக் கணினி ஒரு கணத்திற் செய்துவிடுகின்றது. ஆய்வுகூடத்தின் அறிவு ஓர் அறுவாளும் அளவுகோலும் உள்ளவன் கைக்கு வந்தது இவ்விருவரால்.

ஒரே கூம்பு எல்லா ஒலிக்கும் ஈடுகொடுப்பது கடினமாதலால், தாழ்ந்த ஒலிக்குப் பெரிய கூம்பும் உயர்ந்த ஒலிக்குச் சிறியதும் வைப்பர். பங்கு பிரிக்கும் வேலையைக் கம்பிச் சுருளும், கண்டென்சர் என வழங்கும் கொள்ளளவியும் செய்கின்றன. 8 ஓம் தடையுள்ள சிறு கூம்பின் முன்னே 6.6 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை இணைத்தால், செக்கனுக்கு ஏறக்குறைய 3,000 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலி படிப்படியாகக் குறைக்கப்படும். கணக்கு இவ்வளவு எளிதாயினும், கூம்பின் தடை எல்லா மீடிறனிலும் ஒன்றாக இருப்பதில்லை. இரு கூம்பும் சந்திக்கும் இடத்திலே ஒன்றையொன்று அழிக்கவும் கூடும். வீட்டிற் செய்யப்படும் ஒலிபெருக்கிகள் மிகுதியும் சறுக்குவது பெட்டியிலன்று, இந்தச் சந்திப்பிலே. முதன்முதற் செய்பவர், அனுபவமுள்ள ஒருவர் வகுத்து வெளியிட்ட திட்டத்தை அளவு பிசகாமற் பின்பற்றுவதே அறிவுடைமை.

எல்லாம் முடிந்து பெட்டி ஒலிக்கத் தொடங்கியதும் எழுவதே பெரிய சிக்கல். அதனை மதிப்பிடுவது யார்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மாதக்கணக்கிலே பாடுபட்டவர் காதுக்குத் தம் பெட்டியின் முழக்கமே ஆழமாகவும், அதன் கீச்சே தெளிவாகவும் தோன்றும். வீட்டிலுள்ளோரும் அவர் முகத்தைப் பார்த்து நன்று என்பர். செய்தவரே நீதிபதியாகவும் அமர்ந்திருக்கும் இவ்வழக்கிற் சரியான தீர்ப்புக் கிடைப்பது எங்ஙனம்?

பிறிக்ஸ் இதற்குத் துணிவான வழியொன்றைக் கண்டார். 1954இல் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். அம்மண்டபம் ஏறக்குறைய 3,000 பேர் அமரத்தக்கது. மேடையிலே கலைஞர் நேரில் வாசித்த இசையையும் ஒலிபெருக்கி வழியே வந்த பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்தார். பீற்றர் வாக்கர் என்பவரின் அம்பிளிபையர்கள் அதற்கு உதவின. வீட்டிற் பயன்படும் ஒலிபெருக்கிகளையே அத்தனை பெரிய கூட்டத்தின் முன்னிலையில், உயிருள்ள இசையின் அருகே நிறுத்தினார். தோற்றால் தொழிலே போயிருக்கும். அடுத்த ஆண்டு நியூயோர்க் கார்னகி மண்டபத்திலும் அவ்வாறே நடத்தினார். பெருமண்டபத்தின் எதிரொலி சிறு குறைகளை மறைக்கும் என்று குறைகூறலாம். அது நியாயமான குறையே. எனினும், தன் படைப்பைத் தன் மூலத்தோடு ஒப்பிட்டுக் காட்ட முன்வந்த நேர்மையை எவரும் மறுக்க முடியாது.

மண்டபம் எடுக்க இயலாதோர்க்கும் அவ்வழி திறந்தேயிருக்கின்றது. பி.பி.சி. ஆய்வாளர் தம் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கப் பெரிதும் நம்பியது ஆண்குரற் பேச்சையே. நாள்தோறும் மனிதக் குரலைக் கேட்டுப் பழகிய காது, இசையிலே மன்னிக்கும் பிழையைப் பேச்சிலே மன்னிப்பதில்லை. வீட்டிலுள்ள ஒருவரைத் திறந்த வெளியில் அமர்த்தி, அவர் ஒரு பக்கம் வாசிப்பதைப் பதிவு செய்துகொள்ளலாம். பின்னர் அவரையே ஒலிபெருக்கியின் அருகில் நிறுத்தித் திரையொன்றைத் தொங்கவிட்டு, அவர் வாசிப்பையும் பதிவையும் மாறி மாறி ஒலிக்கச் செய்யலாம். திரைக்கு முன்னே இருப்பவர்கள், எது எது என்று தாளிலே குறிக்கட்டும். இரண்டும் ஒரே உரப்பில் இருத்தல் மிக முக்கியம். ஏனெனில் சற்றே உரத்து ஒலிப்பதைத் தெளிவென்று காது ஏமாறும். பதிவிலே அவர் குடத்துக்குள் இருந்து பேசுவது போலத் தோன்றினால் பெட்டி பாடுகின்றது என்று பொருள். ‘ச’கரம் சீறினால் சிறு கூம்பின் பங்கைக் குறைக்க வேண்டும்.

அறையையும் மறந்துவிடலாகாது. சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள நம் வீடுகளிலே கைதட்டினால் எதிரொலி படபடவென்று கேட்கும். ஒலிபெருக்கியை மூலையில் வைத்தால் இரு சுவரும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஓசையைப் பெருக்கிவிடும். பெட்டியின் மேற் பழி போடுமுன், அதனைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னே இழுத்து மறுபடியும் கேட்பது நல்லது. ஒரு பாயோ புத்தக அலுமாரியோ செய்யும் உதவியை விலையுயர்ந்த கூம்பும் செய்யாது.

இவ்வளவுக்குப் பின்னும் குறை நின்றால், பெட்டியைத் திறந்து பஞ்சைக் கூட்டியோ குறைத்தோ, குழாயை அரை அங்குலம் அறுத்தோ பார்க்க வேண்டியதுதான். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியிட்டுக் கொப்பியிற் குறித்துக்கொள்வது பயன்தரும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்வது பயனற்றது. பெரும்பாலும் நாலைந்து முறையாவது திறக்க நேரிடும். ஆதலால் மற்றப் பலகைகளைப் பசையிட்டு ஒட்டினாலும், முதுகுப் பலகையை மாத்திரம் ஒட்டாமல், காற்றுப் புகாதபடி விளிம்பிலே இறப்பர் நாடா வைத்துத் திருகாணியாற் பொருத்திவைப்பதே தேர்ந்தவர்களின் வழக்கம்.